பொருளாதார மந்தக் காலத்து வால்வு ரேடியோ: பெட்டியைப் பார்த்து அடையாளம் காண்பதும் பழுது பார்ப்பதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் பழைய பங்களாவைக் காலி செய்யும்போதோ, பழைய சாமான் கடையின் மூலையிலோ, 1930-களின் தொடக்கத்து ரேடியோ இன்றைக்கும் எப்போதாவது கிடைக்கும். கிடைத்தவுடன் 'பாடுதா பார்ப்போம்' என்று பிளக்கில் மாட்டிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் காகிதக் கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டம் தேக்கும் பாகங்கள்) தொண்ணூறு ஆண்டு ஈரத்தைக் குடித்து ஒழுகிக்கொண்டிருக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்தோ ஷார்ட் ஆகியோ கிடக்கும். பெட்டி அமெரிக்காவில் செய்ததாக இருந்தால் அது கேட்பது 110 வோல்ட், நம் சுவரில் இருப்பது 230-240. ஒரே நிமிடத்தில் பவர் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். கெப்பாசிட்டரைச் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கலாம். அந்த டிரான்ஸ்பார்மரைச் சுற்றித் தர ஆள் கிடைப்பதுதான் அரிது.

முதல் வேலை, பெட்டியை நன்றாகப் பார்ப்பது. அதன் உருவம், டயல், வால்வுகளின் (கண்ணாடி வெற்றிடக் குழாய்களின்) அடி மூன்றையும் பார்த்தாலே ஆண்டும் நாடும் பெரும்பாலும் தெரிந்துவிடும். நாடு தெரிந்தால் அதற்கு என்ன மின்சாரம் கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உருவம் சொல்லும் ஆண்டு

1929-இல் அமெரிக்க வீட்டு ரேடியோ என்றால் பெரும்பாலும் கால் வைத்த பெரிய அலமாரி. கதவு, கடைசல் கால், வால்நட் வெனீர் என்று நூறு டாலருக்கு மேல் போகும் சாமான். 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்ததும் அதை வாங்க ஆளில்லாமல் போனது. கம்பெனிகள் மேசை மேல் வைக்கும் சிறு பெட்டிக்கு இறங்கின. 1930-இல் பில்கோ கொண்டுவந்த மாடல் 20 இந்த வகையின் அடையாளமாக நின்றுவிட்டது: மேலே தேவாலய வளைவு போன்ற முகடு, முகப்பில் வளைந்த பட்டை, துணிக்குப் பின்னால் ஸ்பீக்கர், உள்ளே ஏழு வால்வு, விலை வால்வு இல்லாமல் ஐம்பது டாலரை ஒட்டி. சேகரிப்பவர்கள் இந்த வடிவத்தைக் கதீட்ரல் என்பார்கள். 1931-இல் வந்த பில்கோ 70 ஏழு வால்வு, பில்கோ 90 ஒன்பது வால்வு. அதே ஆண்டின் அட்வாட்டர் கென்ட் 84-உம் வளைவு முகடுதான். 1933-க்குப் பிறகு உச்சி தட்டையாகி, தோள் மட்டும் உருண்ட டூம்ஸ்டோன் வடிவம் பரவியது. வளைவு முகடு இருந்தால் 1930-33 என்று தொடங்குங்கள், பெரும்பாலும் தவறாது.

பிரிட்டனிலும் ஹாலந்திலும் போன வழி வேறு. எக்கோ கம்பெனி மரத்தை விட்டு வார்ப்புப் பேக்கலைட்டுக்கு (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) போனது. வெல்ஸ் கோட்ஸ் வரைந்த முழு வட்ட வடிவ ஏடி 65, 1934-இல் வந்தது. பிலிப்ஸ் தன் சொந்தப் பேக்கலைட்டுக்குப் பிலைட் என்று பெயர் வைத்திருந்தது. பை கம்பெனியின் பெட்டியை ஸ்பீக்கர் முகப்பில் அறுத்திருக்கும் உதயசூரியன் காட்டிக்கொடுக்கும். மர்பி பெட்டிகளை வரைந்தவர் ஆர். டி. ரஸ்ஸல். அலங்காரமே இல்லாத நேர்கோடுகள். என் கண்ணுக்கு அந்தக் காலத்தின் மிக அழகான மரவேலை அதுதான்.

டயலைப் பாருங்கள். எண்கள் கிலோசைக்கிளில், அதாவது இன்றைய கிலோஹெர்ட்ஸில், இருந்தால் (55 முதல் 150 வரை, பூஜ்யம் விட்டு எழுதியிருக்கலாம்) அமெரிக்கா. மீட்டரில் இருந்தால், 200-550 போல, ஐரோப்பா. மாற்றிக்கொள்வது எளிது: 3,00,000-ஐ மீட்டரால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ். 300 மீட்டர் என்றால் 1000.

கடைசிச் சாட்சி வால்வு. 24ஏ, 27, 35, 45, 47, 80 என்று இரண்டு இலக்க எண்களும் நான்கு, ஐந்து, ஆறு முள் அடிகளும் இருந்தால் நாம் பேசும் காலம். நடுவில் சாவிக்குச்சி வைத்த எட்டு முள் ஆக்டல் அடி 1935-இல்தான் வந்தது. ஆக்டல் வால்வு இருக்கும் பெட்டியை 1931 என்று விற்க வந்தால் நம்பாதீர்கள்.

எந்த மின்சாரம்?

ரப்பர் விலை 1932-இல் அடிமட்டத்துக்குப் போய், ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பிய காலம் அது. ரேடியோ தொழிலாளர் லயத்து வீட்டுச் சாமான் அல்ல. துரை பங்களாவில் இருந்தது. பேராக்கில் செண்டரோ அணை 1930-இல் மின்சாரம் தரத் தொடங்கினாலும் அது முதலில் போனது கிந்தாவின் ஈயச் சுரங்கங்களுக்கு. மின்கம்பி எட்டாத தோட்டங்களில் சொந்த இன்ஜின் அல்லது பேட்டரி. அதனால் இந்த ஊர்களில் கிடைக்கும் பெட்டி மூன்று வகையில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம்.

200-250 வோல்ட்டுக்குள் மாற்றிக்கொள்ளும் டேப் உள்ள பிரிட்டிஷ், டச்சு ஏசி பெட்டிகள் சுலபம். பின்புறம் உள்ள டேப்பை 240 அல்லது 250-க்கு மாற்றுங்கள், போதும்.

அமெரிக்க ஏசி பெட்டிக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 150 முதல் 200 விஏ, 100 வோல்ட், 110 வோல்ட் இரண்டு வெளியீடும் உள்ளதாகப் பாருங்கள். ஜப்பானியச் சாதனங்களுக்கென விற்கும் வகையில் 100 இருக்கும். இரண்டும் ஏன் வேண்டும் என்றால், 60 சைக்கிளுக்கு (ஹெர்ட்ஸுக்கு) செய்த டிரான்ஸ்பார்மர் நம் 50 சைக்கிளில் அதிகம் சூடாகும். 60 சைக்கிளில் 115 வோல்ட் தரும் காந்த அழுத்தத்தை 50 சைக்கிளில் 96 வோல்ட்டே தந்துவிடும். பெயர்ப் பலகையில் '50-60' என்று இருந்தால் 110 கொடுக்கலாம். '60' மட்டும் இருந்தால் 100 கொடுத்து, வால்வு ஹீட்டரை அளந்து பாருங்கள். 2.5 வோல்ட் ஹீட்டரில் 2.25-க்குக் கீழே போகக் கூடாது.

மூன்றாவது வகை, பேட்டரிப் பெட்டி. பிரிட்டிஷ் பேட்டரி வால்வின் இழை 2 வோல்ட். அதற்கு 2.5 கொடுத்தாலே ஆயுள் போய்விடும். 6 கொடுத்தால் ஒரு பளிச்சோடு முடிந்துவிடும். 2.0 வோல்ட் சீராகத் தரும் ஒரு சிறு ரெகுலேட்டர் பலகையும், உயர் அழுத்தத்துக்கு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோர்த்த ஒரு கட்டும் போதும். பத்து கோர்த்தால் 90 வோல்ட், பதின்மூன்று கோர்த்தால் 117.

எச்சரிக்கை ஒன்று. ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் சிறு பெட்டிகளில் பவர் டிரான்ஸ்பார்மர் இல்லை; சேசியே (பாகங்கள் ஏற்றிய உலோகத் தட்டு) மின்சாரத்தோடு நேராக இணைந்திருக்கும். கடையில் விற்கும் ஸ்டெப்-டவுன்கள் பலவும் ஆட்டோ வகை (இரு பக்கத்துக்கும் ஒரே சுற்று), பாதுகாப்புத் தராது. தனி ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம். சிலவற்றில் மின் கயிறே ரெசிஸ்டராக வேலை செய்யும். கயிறு நீளமாக இருக்கிறது என்று வெட்டினால் வால்வுகள் எரியும். அந்தக் கயிற்றிலும், பெட்டியின் உள்கூரையில் ஒட்டிய வெளிர்சாம்பல் தாளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சுரண்டாதீர்கள்.

மரப்பெட்டி

இங்கே நேரம் செலவழியும், செலவழிக்கவும் வேண்டும். சேசியை எந்த ஆண்டிலும் சரிசெய்யலாம். ஒருமுறை தேய்த்துப் போட்ட வெனீர் திரும்பாது.

குமிழ்களைக் கழற்றுங்கள். பக்கவாட்டில் சிறு திருகு ஒளிந்திருக்கிறதா பாருங்கள். பார்க்காமல் இழுத்தால் உடையும். அடியில் நான்கு போல்ட்டுகளை எடுத்துச் சேசியையும் ஸ்பீக்கரையும் வெளியே எடுங்கள். உள்ளே ஒட்டிய வால்வு வரைபடத் தாளைப் படமெடுத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உலர்த்த வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் பல ஆண்டு ஊறிய மரம் ஒரே பிற்பகலில் காய்ந்தால் வெனீர் வெடித்து எழும்பும். காற்றோட்டமான அறையில், தரையில் இருந்து உயர்த்தி, இரண்டு மூன்று வாரம் வையுங்கள். அந்த நாட்களில் பூச்சியைக் கவனியுங்கள். அடிப்பலகையை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால் வெற்றொலி வருகிறதா? கறையான். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகளும் கீழே மாவு போன்ற புதுத் தூளும் இருக்கின்றனவா? மர வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டியை மற்ற மரச் சாமான்களோடு வைக்காதீர்கள். பூச்சி மருந்தான போரேட் கரைசலை உட்புறத்தில் பாலிஷ் படாத மரத்தில் இரண்டு முறை பூசுங்கள். பாலிஷ் போட்ட முகத்தில் பூசினால் உள்ளே இறங்காது.

வெனீரை ஒட்டியிருப்பது வச்சிரம், அதாவது விலங்குத் தோலில் காய்ச்சிய பசை. ஈரமும் சூடும் பட்டால் இளகுவது அதன் பலவீனம். அதே குணம்தான் நமக்குக் கை கொடுக்கும். விளிம்பு எழும்பியிருந்தால், உள்ளே இருக்கும் தூசை மெல்லிய கத்தியால் நீக்கி, சூடான புது வச்சிரத்தை ஊசிக்குழாயால் செலுத்தி, மெழுகுத் தாள் வைத்து, மேலே பலகை வைத்து இறுக்குங்கள். ஒரு நாள் போதும். மழைக் காலத்தில் இரண்டு நாள். நடுவில் கொப்புளம் இருந்தால் மர வரியின் போக்கிலேயே பிளேடால் ஒரு கீறு. வரிக்குக் குறுக்கே கீறினால் தழும்பு என்றும் தெரியும். ஈரத்துணி மேல் மிதமான இஸ்திரிப் பெட்டி வைத்தால் பழைய வச்சிரமே மறுபடி பிடிக்கும். ஆனால் சூடு பட்ட இடத்தில் பாலிஷ் வெளுத்துப்போகும். பாலிஷை எடுக்கப் போகும் இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

துண்டு காணாமல் போயிருந்தால் ஒட்டுப்போட வேண்டும். சதுரமாக வெட்டாதீர்கள், இரு முனையும் கூம்பிய படகு வடிவத்தில், வரியோடு வரி சேரும்படி வெட்டுங்கள். கண் அதன் மேல் நிற்காது. பழைய வெனீர் ஏறத்தாழ 0.9 மி.மீ.; இன்று கிடைப்பது 0.5 அல்லது 0.6. அடியில் ஒரு தாள் வெனீரை முதலில் ஒட்டி மட்டத்தை உயர்த்திவிட்டு மேல் துண்டை ஒட்டுங்கள். வால்நட் கிடைக்காவிட்டால் உள்ளூர் மரமான நியாத்தோ வெனீரில் சாயம் ஏற்றினால் ஓரளவு ஒத்துப்போகும். ரப்பர் மரம் வேண்டாம். வெளிர் நிறம், வரியும் வேறு.

கதீட்ரலில் அதிகம் கெடுவது வளைவு முகடு. பல அடுக்குப் பிளைவுட்டை வளைத்துச் செய்தது அது, ஈரத்தில் அடுக்கு பிரியும். உள் அடுக்கிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வோர் இடைவெளியிலும் பசையைத் தட்டைக் கத்தியால் ஆழம் வரை தள்ளுங்கள். வெளியில் இறுக்க, பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். வளைவு முழுவதும் ஒரே அழுத்தம் கிடைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. உள்ளே அதே வளைவுக்கு அறுத்த இரண்டு பலகை முட்டுக்கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் முகடு உள்வாங்கிச் சப்பையாகிவிடும்.

பாலிஷ் போடலாமா என்பது அடுத்த கேள்வி. முதலில் டர்பன்டைன் நனைத்த துணியால் அழுக்கை எடுங்கள். பாதிப் பெட்டிகளுக்கு அதோடு மெழுகு மட்டும் போதும், அதற்கு மேல் கை வைக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் மறைவான இடத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு: இளகினால் அரக்குப் பாலிஷ். இளகாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். அமெரிக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் லேக்கர்தான். பட்டைகளிலும் விளிம்புகளிலும் கருஞ்சாயம் கலந்த லேக்கரை அடித்து நிழல் காட்டியிருப்பார்கள். அந்த நிழல்தான் பெட்டியின் முகம், அதைப் படமெடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சில மலிவுப் பெட்டிகளில் மர வரியே அச்சிட்டது. உப்புத்தாள் ஒரு தேய், அடியில் வெறும் சாதா மரம் தெரியும்.

புது லேக்கர் ஐந்தாறு மெல்லிய பூச்சு. இடையில் 400 உப்புத்தாள். மழை வரும் மாலையில் அடிக்காதீர்கள்: தின்னர் ஆவியாகும்போது காற்றின் ஈரம் பூச்சில் படிந்து பால்போல் வெளுக்கும். காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரைதான் இங்கே பாதுகாப்பான நேரம். வெளுத்துவிட்டால் ரிடார்டர் தின்னரை மட்டும் லேசாக அடித்தால் தெளியும். இரண்டு வாரம் காயவிட்டு, நான்கு சுழி (0000) இரும்புப் பஞ்சால் தேய்த்து மெழுகு.

ஸ்பீக்கர் துணியைத் துவைக்கக் கூடாது, சுருங்கும். மாற்றத்தான் வேண்டும் என்றால் வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையின்றிப் போகாத துணியில் பாட்டும் போகாது.

பேக்கலைட்டுக்கு இவ்வளவு வேலை இல்லை. சோப்புத் தண்ணீரில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து, பித்தளை பாலிஷால் மெருகேற்றுங்கள். மேல்தோல் மட்டுமே பளபளப்பு. உப்புத்தாள் பட்டால் உள்ளே இருக்கும் மரத்தூள் வெளியே தெரியும், திரும்ப மூட முடியாது.

சேசி

எல்லாக் காகிதக் கெப்பாசிட்டர்களையும் எலக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றுங்கள். 'இது இன்னும் நன்றாக இருக்கிறது' என்று எதையும் விட்டுவைக்க வேண்டாம். வேண்டிய அளவுகள் பெரும்பாலும் 0.01, 0.05, 0.1, 0.25 மைக்ரோபாரட், கடையில் 0.047, 0.22 என்று கிடைப்பது போதும், 630 வோல்ட் பிலிம் வகை. கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். பில்கோவில் இவை கரிய பேக்கலைட் கட்டிகளுக்குள் தாரில் புதைந்திருக்கும். கட்டியை எறியாதீர்கள்: வெப்பக் காற்றால் சூடாக்கி உள்ளே இருப்பதைத் தள்ளி எடுத்து, புதிய கெப்பாசிட்டரை வைத்துப் பழைய ரிவெட்டுகளிலேயே இணையுங்கள். மின் இணைப்புக்கும் சேசிக்கும் நடுவில் இருப்பதற்கு மட்டும் ஒய்2 பாதுகாப்பு வகைதான் போட வேண்டும்.

வடிகட்டும் எலக்ட்ரோலிட்டிக் பழையது 8 மைக்ரோபாரட் என்றால் புதியது 10. 'பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும்' என்று முதல் இடத்தில் 47 மைக்ரோபாரட் போட்டால், ஏசியை டிசியாக்கும் 80 வால்வு தாங்காது. வோல்ட்டேஜும் முக்கியம். 80 உடனே சூடாகிவிடும், மற்ற வால்வுகள் மெதுவாக. அந்த இடைவெளியில் அழுத்தம் உச்சிக்கு ஏறும். டிரான்ஸ்பார்மரின் உயர் சுற்று ஒரு பக்கத்துக்கு 350 வோல்ட் என்றால் உச்சி ஏறத்தாழ 495. 310-க்கு மேல் இருந்தாலே 450 வோல்ட் கெப்பாசிட்டர் போதாது, 500 போடுங்கள். பழைய கேனை அழகுக்கு விட்டுவைக்கலாம். ஒயரை மட்டும் அறுத்துவிட வேண்டும். புதியதைப் பழையதோடு இணையாக மாட்டுவது அரை வேலை, அது ஒழுகிப் புதியதையும் கெடுக்கும்.

ரெசிஸ்டர்களில் வளையம் இல்லை. உடலின் நிறம் முதல் இலக்கம், முனையின் நிறம் இரண்டாவது, நடுப்புள்ளி பூஜ்யங்கள். சிவப்பு உடல், பச்சை முனை, மஞ்சள் புள்ளி என்றால் 2, 5, நான்கு பூஜ்யம்: 2,50,000 ஓம். 20 சதவீதத்துக்கு மேல் விலகியதை மாற்றுங்கள். ஒயர்களின் ரப்பர் உறை தொட்டால் உதிரும். அது இந்த வட்டாரத்து ரப்பராகவே இருந்திருக்கலாம். உதிர்ந்ததை எல்லாம் துணி உறை போட்ட புது ஒயரால் மாற்றுங்கள்.

இங்கே அதிகம் காணும் இரண்டு பழுது. ஒன்று, மின்னல் ஏரியல் கம்பி வழியாக இறங்கி ஏரியல் காயிலின் முதல் சுற்றை எரித்திருக்கும். மீட்டரில் முடிவிலி காட்டினால் அதுதான். இரண்டு, மெல்லிய செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறி ஆடியோ டிரான்ஸ்பார்மர் அறுந்திருக்கும்.

ஏசி பெட்டிகளின் ஸ்பீக்கரில் பெரும்பாலும் நிலைக்காந்தம் இல்லை, மின்காந்தம்தான். அதன் பீல்டு காயிலே (மின்காந்தச் சுருள்) பவர் சப்ளையின் இரைச்சலை வடிகட்டும் சோக்காகவும் வேலை செய்கிறது. பொதுவாக 1000 முதல் 3000 ஓம் வரை இருக்கும். இன்றைய ஸ்பீக்கரைப் போட்டால் அந்த ஓமையும் வாட்டையும் தாங்கும் ரெசிஸ்டர் தனியாக வேண்டும். ஸ்பீக்கர் பிளக் கழன்ற நிலையில் ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

மின்சாரம் கொடுக்கும் நாள்

பிளக்கில் 3 ஆம்பியர் பியூஸ், சேசிக்குள் 1 ஆம்பியர் பியூஸ். ஸ்டெப்-டவுனின் 240 பக்கத்தில் 60 வாட் இழை பல்பைத் தொடராக மாட்டுங்கள். எல்லா வால்வையும் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போடுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் டிரான்ஸ்பார்மர் நலம். முழு ஒளியோடு நின்றால் ஷார்ட், அணைத்துவிட்டுத் தேடுங்கள். அடுத்து 80 தவிர மற்ற வால்வுகள். அதன் பிறகு 80. பல்பு பாதி ஒளியில் நின்றால் 100 வாட்டுக்கு மாற்றி அளவுகளை எடுத்துவிட்டு, கடைசியாக நேராக மாட்டுங்கள். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்: ஒரு கை பைக்குள், காலில் ரப்பர் செருப்பு. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் இறக்காமல் கை வைக்காதீர்கள்.

ஒலி கொஞ்ச நேரத்தில் கரகரத்தால் கப்ளிங் கெப்பாசிட்டர் ஒழுகி, ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வான 47-இன் கிரிட்டில் நேர்மின் ஏறுகிறது. 47-இன் உட்கம்பி செக்கச்சிவந்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அறுந்து அந்த உட்கம்பி (ஸ்கிரீன்) தனியாகச் சுமக்கிறது, உடனே அணையுங்கள். விசில் அடித்தால் 24ஏ-வின் உலோகக் கவசம் காணவில்லை. ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கைக் கழற்றி டிரான்ஸ்பார்மரைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து விநாடி கை வைக்க முடியாத சூடு என்றால் 110-இலிருந்து 100-க்கு இறங்குங்கள்.

அலைவரிசை திருத்தும் திருகுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். பலர் பிற்காலப் பெட்டிகளின் இடைநிலை அலையான 455 கிலோஹெர்ட்ஸை ஏற்றி, நன்றாக இருந்த பெட்டியைக் கெடுத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து அமெரிக்க சூப்பர்ஹெட்டரோடைன் (வரும் அலையை ஒரே இடைநிலை அலையாக மாற்றிப் பெருக்கும் வகை) பலவற்றில் இடைநிலை அலை 175. பில்கோ 70-இல் 260. மாடல் 20-இல் அப்படி ஒன்றே கிடையாது, அது நேரடி ஏரியல் அலைப் பெருக்கி.

மலேசியத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் இதில் வராது. இந்தப் பெட்டிகளுக்கு எஃப்எம் தெரியாது. கைப்பேசியின் ஒலியை மத்திய அலையாக மாற்றும் சிறு ஏஎம் மாடுலேட்டர் ஒன்றை வாங்கி, 1000 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வையுங்கள். அறையைத் தாண்டாத சக்தி போதும், அதற்கு மேல் ஒலிபரப்ப உரிமம் வேண்டும். மாடுலேட்டரின் கம்பியை ரேடியோவின் ஏரியல் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு முழம் ஓடவிட்டால் தெளிவாகக் கேட்கும்.

வாரம் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்; வால்வின் சூடே உள்ளே ஈரத்தை விரட்டும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெளி ஏரியல் போட்டிருந்தால், ஓட்டாத நேரம் முழுவதும் பிளக்கும் ஏரியலும் கழன்றே இருக்கட்டும்.